இரண்டு நாள் தளர்வு

பதினான்கு நாளுக்கு ஆலையை நிறுத்தினோம்.
எழுபத்து மூன்று, ஜூன் பாதி தாண்டி.
கூழ் வேகும் நாற்றம் ஊரைவிட்டு இறங்கிப்போக
ஏரிப் பக்கமிருந்து பிர்ச் இலை வாசம்
தயங்கித் தயங்கி உள்ளே வந்தது.

என் வேலை சுவரில் தொங்கியது.
நாலு மீட்டர்த் தாள், எங்கள் இயந்திரமே துப்பியது.
வட்டங்கள். வட்டத்திலிருந்து வட்டத்துக்கு அம்புகள்.
அம்பின் முதுகில் வேலையின் பெயர்,
வயிற்றடியில் அது தின்னும் நாட்கள்.

இடமிருந்து கூட்டிக்கொண்டு போனால்
எது எப்போது முடியும் என்று தெரியும்.
வலமிருந்து கழித்துக்கொண்டு வந்தால்
எது எதுவரை பொறுக்கும் என்று தெரியும்.
இரண்டும் ஒரே எண்ணாய் முட்டி நின்ற வட்டங்களைச்
சிவப்புப் பென்சிலால் கோத்தேன்:

கொதிகலன் ஆற இரண்டு
பழைய குழாய் அறுக்க மூன்று
புதியவை பற்றவைக்க ஆறு
அழுத்தச் சோதனைக்கு ஒன்று
நெருப்பு மூட்டிச் சூடேற்ற இரண்டு.

நெருக்கடிப் பாதை அது.
மேலாளர் லிண்ட்ரோஸ் காலையில் வந்ததும்
அதன்மேல் விரல் வைத்துப் பார்ப்பார்,
காய்ச்சல்காரன் நெற்றிபோல.
காப்பி முதலில் பற்றவைப்பவர்களுக்குத்தான் போனது.
பன்றிக்கறி ரொட்டியும்.

கீழே, வெறும் பென்சிலில், இன்னொரு கோடு:
சாரம் கட்ட ஒன்று, பழைய வால்வு கழற்ற மூன்று,
புதிது மாட்ட மூன்று,
நீராவிக் குழாய்க்குப் பாறைக்கம்பளி சுற்ற மூன்று.
ஆகப் பத்து.
அதன் நுனியிலிருந்து நெருப்பு மூட்டும் வட்டத்துக்கு
ஒரு புள்ளி அம்பு. அதில் வேலை இல்லை, நாள் இல்லை.
ஆனால் அது வராமல் தீக்குச்சி உரசக் கூடாது.

கம்பளி சுற்றுகிற ஒஸ்மோ
தொப்பியைக் கழற்றாமல் உள்ளே வந்தான்.
"எனக்கு எத்தனை நாள் மிச்சம்?"
இரண்டு, என்றேன்.
"அப்படியானால் ஏழாம் நாள் மாலை தீவுக்குப் போகிறேன்.
பத்தாம் நாள் காலை இங்கே நிற்பேன்."
என்ன விசேஷம் என்று கேட்டேன்.
"பெர்ச் மீன்" என்றான்.
கணக்கு இடம் கொடுத்தது. கையெழுத்துப் போட்டேன்.

என்னிடம் கேட்காமல்
தௌனோவும் அவன் ஆட்களும் இரவிலும் பற்றவைத்தார்கள்.
இரவு என்பது பழக்கத்தில் சொல்வது.
சூரியன் காட்டுக்குப் பின்னால் கொஞ்சம் குனிந்து
மறுபடி நிமிர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.
ஆறு நாள் வேலை மூன்றே நாளில் முடிந்தது.
எட்டாம் நாள் மாலை முகமூடியைத் தூக்கியபோது
அவர்கள் கண்கள் வேகவைத்த நண்டு நிறம்.

ரப்பரை எடுத்தேன்.
அழித்தேன், கூட்டினேன், திரும்பக் கழித்தேன்.
சிவப்பு மெல்ல இடம் மாறி
கீழ்க்கோட்டில் போய் உட்கார்ந்தது.
நேற்றுவரை யாரும் பெயர் கேட்காத மனிதன்மேல்
ஆலை முழுதும் தொங்கியது.
அவன் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான்.

"கூப்பிடு" என்றார் லிண்ட்ரோஸ்.
தீவில் தொலைபேசி இல்லை.
கடைக்காரி படகில் போய்ச் சொல்ல நாளைக் காலை,
அவன் வந்து சேர நாளை மாலை.
"லாபம்?"
அரை நாள்கூடத் தேறாது என்றேன்.
அது உண்மை.
தேறியிருந்தாலும் கூப்பிட்டிருப்பேனா
என்று அவர் கேட்கவில்லை.

பத்தாம் நாள் காலை ஒஸ்மோ வந்தான்,
செய்தித்தாளில் சுற்றிய புகைபோட்ட மீனோடு.
நேரே பற்றவைப்பவர்களிடம் கொடுத்துவிட்டுச்
சாரத்தில் ஏறினான்.

பதினான்காம் நாள் ஆலை ஓடியது.
அறிக்கையில் எழுதினேன்: திட்டப்படி.

தௌனோ என் சுவரின் முன்னால்
வெகுநேரம் நின்றான்.
"எங்கள் மூன்று நாள் எங்கே?"

புள்ளி அம்பைக் காட்டினேன்.
அவன் கட்டைவிரலால் அதைத் தேய்த்துப் பார்த்தான்.
விரலில் கொஞ்சம் கரி ஒட்டியது.
மீன் வாசமும் இருந்தது.